மேடையில் ஈரம்

மேடையில் ஓர் ஈரக் காலடி கிடந்தது. வெறுங்காலை வைத்தால் கொப்பளித்துவிடும் சித்திரை மாதச் சிமெண்டு அது. மதியம் இரண்டு மணி. ஐந்து விரலும் பதிந்த அந்த ஈரம் காயவே இல்லை. சுற்றிலும் தட்டுத் தட்டாகப் பட்டாசு மருந்து காய்ந்துகொண்டிருந்தது. மாடத்தி குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

அலுமினியப் பவுடர் கலந்த மருந்து. ஈரம் பட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் அந்த ஏழாயிரம்பண்ணைக் கம்பெனியில் ரேடியோவில் வானிலை கேட்டுவிட்டுத்தான் மருந்தைக் காயப்போடுவார்கள். காயும்போது ஈரம் கண்டால் குரல் கொடுப்பது மாடத்தியின் வேலை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லா அறையும் காலியாக வேண்டும், மருந்தை அழிக்க வேண்டும், அத்தனை பேருக்கும் அன்றையப் பிழைப்பு போச்சு. இந்த வாரம் இரண்டு தடவை மழை வாடை என்று சொன்னாள். ஒரு சொட்டு விழவில்லை.

"யக்கா, இன்னைக்கும் ஆரம்பிச்சுறாதீக," என்றான் போர்மேன் நல்லசிவம், வேப்பமர நிழலிலிருந்து. "வறண்ட வானிலைன்னு ரேடியோவுலயே சொல்லிட்டாக."

"ஒண்ணுமில்லப்பா."

அவளுக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. பதினோரு கோடை இதே வெயிலில் நின்றாயிற்று. இன்னும் யாரிடம் ஏச்சு வாங்க? முந்தானையால் அந்தக் காலடியைத் துடைத்தாள்.

நாலடி தள்ளி இன்னொன்று இருந்தது. அதற்கப்பால் சின்னதாய் ஒன்று, அகலமாய் ஒன்று. வேறு வேறு கால்கள். எல்லாம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து புறப்பட்டு வந்திருந்தன.

போன வருசம் தீப்பிடித்தபோது நாலு பெண்கள் எரிந்துகொண்டே அந்தத் தொட்டிக்குத்தான் ஓடினார்கள். அன்றைக்கு அதில் தண்ணீர் இல்லை. மாடத்தி எட்டிப் பார்த்தாள். இன்றைக்கும் இல்லை. அடியில் வெடித்த பாசி மட்டும்.

தடங்கள் மூன்றாம் நம்பர் அறைக்குப் போயின.

அங்கே ரோஜா இருந்தாள். மாடத்தி பெற்ற ஒரே பிள்ளை, இந்த வருசம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

மாடத்தி ஓடினாள். "ஏளா ரோஜா, வெளிய வா!" குரல் எழும்பவில்லை. துடைக்காமல் சொல்லியிருக்கலாமே. பாவி, சொல்லியிருக்கலாமே.

வாசலில் முடி கருகிய நெடி.

ரோஜா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் மருந்துத் தட்டு. அதைச் சுற்றித் தரையில், நாலு பேர் நெருக்கி உட்கார்ந்த அளவில் ஈரம். வேறு யாரும் இல்லை.

"யாரும்மா இவுக எல்லாம்?" ரோஜா நிமிராமலே கேட்டாள். "பாவம், நா வறண்டு கெடக்காக. தண்ணி கேக்காக."

குடிக்கக் கொண்டுவந்த பாட்டிலைத் தட்டுக்கு மேலே நீட்டினாள். சாய்த்தாள்.

"வேண்டாம்மா!"

தண்ணீர் விழுந்தது. மருந்தைத் தொடவில்லை. ஒரு சாண் மேலே, காற்றில், குவித்த எட்டு உள்ளங்கைகளின் அளவில் நின்றது. பிறகு, விரல் இடுக்குகளில், மெல்லக் கசியத் தொடங்கியது.