கட்டம் நிறைய ஏழு

செவ்வாயின் இரண்டாம் குவிமாடத்தில் குழந்தை பிறந்தால், பெயர் வைப்பதற்கு முன்னால் மூச்சுப்படிக்கு, அதாவது காற்றுப் பங்குக்கு, எழுதிப் போட்டுவிடுவார்கள். வெளியே காற்று கிடையாது. உள்ளே இருப்பதை ஆளுக்கு இவ்வளவு என்று இயந்திரம் அளந்து விடும். கழுத்தில் கட்டிய மூச்சுப்பட்டை பச்சையாக எரிந்தால் அந்த ஆளின் பங்கு வீட்டுக்குள் வரும், சிவந்தால் வராது.

பங்கு வாங்க எண் வேண்டும். எண் பூமியிலிருந்து வர வேண்டும். அங்கேயும் அரசாங்க அலுவலகம்தானே, ஆடி அசைந்து ஒரு வருடம் கழித்து வரும். எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டால் இயந்திரம் பதிவை ஏற்காது. அதுவரை பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டா இருக்கும்? அதனால் காற்று வாரியத்தின் பதிவு எழுத்தர் செங்கமலம், கட்டம் நிறைய ஏழாகப் போட்டுவிடுவாள். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அதையேதான் செய்தார். வேறு எதைப் போட்டாலும் திருப்பி அனுப்பிவிடும் இயந்திரம், ஏழாகப் போட்டால் மட்டும் எத்தனை பேருக்கென்றாலும் கேள்வி கேட்டதே இல்லை. தன் கைக்குழந்தை நறுமுகைக்கும் அப்படித்தான் போட்டிருந்தாள்.

அன்று காலை சுரங்கத்தில் சுடலைமுத்து என்ற கிழவர் செத்துப்போனார். திருட்டுக் கப்பலில் வந்தவர், அவருக்கும் ஏழுதான். இறப்புப் பதிவு ரோபோ தன் கடமைப்படி அந்த எண்ணை முடித்து வைத்தது. இயந்திரத்தின் கணக்கில் அது ஒரே ஆள். எண் வராத பிள்ளைகள் அத்தனை பேரின் கழுத்திலும் பட்டை சிவந்தது.

நறுமுகையைத் தூக்கிக்கொண்டு செங்கமலத்தின் அலுவலகத்துக்கு ஓடிவந்தான் கணவன் இளம்பரிதி.

"செங்கமலம், அந்த நம்பரைத் திரும்பத் திறந்து விடேன்."

"அதுக்குச் செத்தவரே நேர்ல வந்து கைரேகை வைக்கணும்ங்க."

"சாயங்காலத்துக்குள்ள வீட்டுக் காத்து தீர்ந்துடும்டி."

செங்கமலம் திரையில் பெயர்களை உருட்டினாள். அப்போதுதான் வட்டத் தலைவர் பூவராகன் நினைவுக்கு வந்தார். மனிதர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. வீட்டார் இன்னும் வாரியத்துக்குச் சொல்லவில்லை. அவர் பங்குக் காற்றில் நாய் வளர்க்கிறார்கள். ஊருக்கே தெரியும், இயந்திரத்துக்கு மட்டும் தெரியாது. செங்கமலம் அவர் எண்ணை மகளின் பட்டையில் ஏற்றினாள். பச்சை எரிந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். பூமி தந்த எண்ணை ஒரு பட்டைக்கு மேல் இயந்திரம் ஏற்காது; அவள் வட்டத்தில் அப்படிக் கணக்கில் உயிரோடிருந்த பிணம் அந்த ஒருவர்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளோடு பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். முதலில் நின்றவள் ரெஜினா.

"அக்கா, நீங்க போட்டுக் குடுத்த நம்பர்தான். பாப்பாவோட பட்டை சிவப்பா எரியுது. கொஞ்சம் பாருங்கக்கா."

உண்மையைச் சொன்னால் ஏழு போட்டது யார் என்று கேட்பார்கள். உன் பிள்ளைக்கு மட்டும் எப்படிப் பச்சை என்றும் கேட்பார்கள். செங்கமலம் திரையைப் பார்த்தாள். அது பளிச்சென்று, ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

"சர்வர் டவுன்மா," என்றாள், ரெஜினாவின் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்கு வாங்க."