பஞ்சுப் பனி நாட்டின் வணக்கம்

"ஐயோ... என் மலை!"

தெருமுனையில் வேகமாகத் திரும்பிய குடைக்காரன் இடித்த இடியில், அவள் கையிலிருந்த அட்டைப் பனிமலை மழைத்தண்ணீரில் குப்புற விழுந்தது.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு வர்றீங்க?"

"எதிர்ல மலை வரும்னு நான் என்னங்க கண்டேன்?"

சிரிப்பு வேறு! ஆனால் அந்தக் கண்கள்... மழை சொட்டும் இமைகளோடு... சீச்சீ, இப்போது அதுவா முக்கியம்? மலையை அள்ளிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள் டீச்சர்.

மழலை வகுப்பில் அது வெளிநாட்டு வாரம். வரிசையாகப் போட்ட குட்டி நாற்காலிகள்தான் விமானம். போய் இறங்கிய நாட்டில் ஜன்னலெல்லாம் பஞ்சுப் பனி! ஸ்வெட்டர் மாட்டிய வாண்டுகள் வேர்த்து வழிந்தன. வெளிநாடு என்றாலே பனிதான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். அந்நாட்டு வணக்கத்தை மட்டும் வீடியோ பார்த்து, கண்ணாடி முன் நின்று பழகி, வாண்டுகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். நெஞ்சில் கை வைக்க வேண்டும். எதிரில் இருப்பவரும் அப்படி வைக்கும்வரை இறக்கக் கூடாது.

மாலையில் வாசலில்... அதே குடைக்காரன்!

"மாமா!" முன்பல் விழுந்த சிட்டு ஒன்று அவனிடம் ஓடியது. ஊருக்குப் போயிருக்கும் அக்காவுக்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை வரை அவன்தான் அழைத்துப்போக வருவானாம். ஜன்னலில் பஞ்சுப் பனியையும் அதன் மேல் எழுதியிருந்த நாட்டின் பெயரையும் பார்த்தவன் பக்கென்று சிரித்துவிட்டான்.

"டீச்சர், அந்த நாட்டுல மூணு வருஷம் வேலை பார்த்திருக்கேன். அங்க பனியே கிடையாது. மண்டையைப் பிளக்கிற வெயில்!"

சுற்றி நின்ற பெற்றோர்களும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது.

"அப்ப நீங்களே வந்து பாடம் எடுங்களேன்!"

அடுத்தடுத்த மாலைகளில் அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அந்தக் குடை வரும் நேரம் பார்த்து, கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது. பாழாய்ப்போன கை!

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. நாளை முதல் அவன் வரமாட்டான்.

"டீச்சர், அங்க பனி இருக்கா, இல்லையா?" சிட்டு கேட்டேவிட்டது.

அத்தனை குட்டிக் கண்களும் அவளையே பார்த்தன. அவள் ரோஷத்தை விழுங்கினாள்.

"இல்லடா செல்லம். டீச்சர் விசாரிக்காம தப்பா சொல்லிட்டேன்."

"அப்ப நாம போனது எந்த நாடு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பனி தப்புதான்... ஆனா இவ வீட்டுல செஞ்சு காட்டின வணக்கம் அச்சு அசல்!" சீக்கிரமே வந்து வாசலில் நின்றிருந்தான் அவன். "அங்க போன புதுசுல ஒருத்தர் என் எதிர்ல நெஞ்சுல கை வச்சு நின்னாரு. நான் பாட்டுக்குக் கடந்து போயிட்டேன். எனக்குச் சொல்லிக்குடுக்க உங்கள மாதிரி யாருமே இல்ல டீச்சர்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே அக்கா வந்துடுவா. இங்க வர எனக்கு ஒரு சாக்கு கூடக் கிடையாது. அதனால இப்பவே சொல்லிடறேன். எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. மலை விழுந்த அன்னிக்கே..."

நெஞ்சில் கை வைத்தான். அப்படியே நின்றான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஏதாவது சொல்லேன்டி என்று மனசு அடித்துக்கொண்டது.

சிட்டு அவள் விரலைப் பிடித்து இழுத்தது.

"டீச்சர், பாவம் மாமா... கை வலிக்கும்!"

அவள் கை மெல்ல எழுந்து... தன் நெஞ்சில் பதிந்தது.

"மாமா, இப்ப இறக்கலாம்!" என்று வாண்டுகள் கத்தின.

இரண்டு பேருமே இறக்கவில்லை.