சாக்ஸில் ஒட்டிய புல்விதை

"சாக்ஸைக் கழட்டுங்க." அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். காதலுக்கு நல்ல சகுனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

படகுத்துறையில் ஒரு சின்ன அறை. எதிரே தெரியும் தீவின் இயற்கைக் காப்பகத்தில் அந்த மண்ணுக்கே உரிய செடிகளைத் திரும்ப நட, ஞாயிறுதோறும் ஊர்க்காரர்கள் போகிறார்கள். வெளியிலிருந்து ஒரு புல்விதை போய் விழுந்தாலும் நட்டதையெல்லாம் அது அமுக்கிவிடும். அதனால் படகேறுமுன் எல்லார் காலையும் சோதிப்பது அவள் வேலை. அங்கே நடுகிற கன்றுகளை வளர்ப்பவளும் அவள்தான்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். வாரம் முழுக்க அடுத்தவர் கண்களைப் பார்த்தே பிழைப்பவன்... விதை பொறுக்க இடுக்கியோடு அவன் சாக்ஸ்மேல் குனிந்திருந்தவளின் கண்களைப் பார்த்ததும் தொழில் மறந்துபோனது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"இத்தனை விதையா? தோட்டம் போடவா வந்தீங்க?"

"நடத்தானே கூப்பிட்டீங்க?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறும் அவன் சாக்ஸில் விதை. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் அதிகம். எடுத்து முடிக்கும்வரை பேச்சு ஓடியது. முளைக்க அடம்பிடிக்கும் செடிகள், கண்ணாடி போட மறுக்கும் அவன் அம்மா...

படகோட்டும் அவளுடைய அண்ணன் வாசலில் வந்து நின்றான். "கெளம்பலாமா, இல்ல அந்தச் சாக்ஸுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டுப் போலாமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாக்ஸ் புத்தம்புதுசு. கடை லேபிள்கூடப் பிய்க்காத சாக்ஸில் எப்படி இத்தனை விதை?

"வேணும்னே புல்லுக்குள்ள நடந்து வர்றீங்களா?"

அவன் தலை குனிந்தான். "கடைப் பக்கத்துக் காலிமனைல... ரெண்டு சுத்து."

"ஒண்ணு என் கண்ணுக்குத் தப்பியிருந்தா? அந்தப் புல்லை ஒழிக்க நாங்க பட்ட பாடு தெரியுமா? உங்க விளையாட்டுக்குத் தீவுதான் கெடச்சுதா? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அவன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் நடந்தான். அப்புறம் வரவேயில்லை.

தான் கேட்டதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே இறங்கிப்போக மனசு வரவில்லை. ஆனால் மழைக்காலம் முடிந்தால் நடவும் முடிந்துவிடும். அவன் வருவதற்குக் காரணமே இருக்காது. ஒரு ஞாயிறு தீவில், கன்றைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

"குழி தோண்டியாச்சு. கன்னை வைக்கப்போறியா, வெறிச்சுப் பாக்கப்போறியா?" என்றான் அண்ணன்.

மறுநாள் அவன் கடையைத் தேடிப் போனாள். பக்கத்துக் காலிமனையில் ஒரு புல்கூட இல்லை, வெறும் மண். உள்ளே இருந்தவனின் விரல்களெல்லாம் கீறல்.

அவள் நேரே போய்க் கண் பார்க்கும் மெஷினில் முகவாயை வைத்தாள். அவன் எதிரே உட்கார்ந்தான்.

"கண்ணுல... என்ன தொந்தரவு?"

"தெரியல. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு ஆளைத் தேடுது."

அவன் மெஷினிலிருந்து முகத்தை எடுத்தான். "உங்களைப் பிடிச்சிருக்குன்னு நேராச் சொல்லத் தைரியம் வரல. அதான் அப்படிப் பைத்தியக்காரத்தனம் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள் அவள். "தீவுக்கு அடுத்தபடியா."

"ரெண்டாவது எடம் போதும்," என்றான் அவன்.