கழிக்காமல் வைத்த வால்வு

“அந்த வால்வுங்களோடயே பேசிக்கிட்டு இருக்கியாமே, அதுங்களாவது உனக்குப் பதில் சொல்லுதா?” என்று வெளியூரில் இருக்கும் அண்ணன் ஒருமுறை போனில் கேட்டான். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். வால்வு எதுவும் பதில் சொல்லவில்லைதான். ஆனால் ஒன்று மட்டும் மூச்சு விட்டது.

அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு நின்றுவிட்டவளுக்கு, ஆம்ப்ளிஃபயர் கடைக்காரர் கொடுத்த வேலை அது. பெட்டியில் வரும் வால்வுகளை, அந்தக் காலத்து ரேடியோவில் பல்பு மாதிரி எரியும் கண்ணாடிக் குழாய்களை, பலகையில் வரிசையாகச் சொருகி, ஒரு நாள் முழுக்க எரியவிட வேண்டும். சூட்டைத் தாங்கி நின்றவற்றை ஒவ்வொன்றாகச் சோதனைப் பெட்டியில் மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுவாள். நல்ல வால்வு ‘டொக்’கென்று அடங்கிவிடும். உள்ளே கம்பி தளர்ந்த வால்வு மணி போல ரீங்கரிக்கும். பக்கத்து அசைவையெல்லாம் மைக் மாதிரி வாங்கிக்கொள்ளும். அதை யோசிக்காமல் கழித்துவிடச் சொல்லியிருந்தார் கடைக்காரர்.

அப்படி ஒன்றை அவள் கழிக்கவில்லை. அவள் மேசையும் அப்பாவின் கட்டிலும் ஒரே சுவரின் இரு பக்கம் ஒட்டிக் கிடந்தன. அதனால் அந்த வால்வில் அப்பாவின் மூச்சு வந்தது. இழுக்கும், நடுவில் சற்றுத் தேங்கும், பிறகு விடும். யாரும் எட்டிப் பார்க்காத வீட்டில் அது ஒரு துணை. அது கேட்கும்வரை அவளுக்கு ஒருவர் இருக்கிறார்.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், பலகையின் செம்மஞ்சள் வெளிச்சம் சுவரில் அவள் நிழலைப் பெரிதாக வரைந்திருக்க, சூடேறிய தூசியின் கருகல் வாசனை அறை முழுக்க நிறைந்திருக்க, ஹெட்போனில் வழக்கமான அந்த மூச்சுக்கு அடியில் இன்னொரு மூச்சு கேட்டது. தேக்கமில்லாத மூச்சு. நிதானமானது.

எழுந்து போய், அப்பாவின் அறை வாசலில் தொங்கிய திரையை விலக்கினாள். அப்பா சுவரோரமாகக் கிடந்தார். கட்டிலின் மறுபாதியில் விரிப்பு கசங்காமல் இருந்தது.

“யாரும்மா என் பக்கத்துல படுத்திருக்கிறது?” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

“யாரும் இல்லப்பா.”

“அப்ப அந்த யாருமில்லாதவனைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லு. எனக்கு இடம் பத்தல.”

அவர் எப்போதும் இப்படித்தான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். இன்று அவர் உதடு சிரிக்கவில்லை. அவள் போர்வையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டு வைத்து, மேசைக்குத் திரும்பினாள்.

இரண்டு மூச்சும் இருந்தன. கேட்கக் கேட்க, இரண்டாவது மாறிக்கொண்டு வந்தது. முதலில் நடுவில் லேசாகத் தடுமாறியது. பிறகு தேங்கிப் பார்த்தது. பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி, தப்பாகத் தேங்கி, மறுபடி இழுத்து, சரிசெய்துகொண்டது.

வால்வைப் பிடுங்கிவிடலாம். துணியைச் சுற்றிக்கொண்டு கையை நீட்டினாள். பிடுங்கினால் அப்பாவின் மூச்சும் போய்விடும். கை அப்படியே நின்றது.

இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன.

ஒரே மூச்சு.

கட்டில் கிரீச்சிட்டது. தரையில் கால் பட்டது. இன்னொரு கால்.

திரை விலகியது. விலக்கியது வலது கை. விழுந்த நாளிலிருந்து அசையாத கை.

அப்பா நின்றார். நேராக.

ஹெட்போன் அவள் கழுத்துக்கு நழுவியது. அதற்குள் மூச்சு நிற்கவில்லை. இழுத்தது. தேங்கியது. விட்டது. திரைக்கு அப்பால் விளக்கு எரிந்த கட்டில் காலியாக இருந்தது. இழுத்தது. தேங்கியது. அதற்குள்ளிருந்து, மெலிசாக, அவளைக் கூப்பிட்டது அப்பாவின் குரல்.

“அப்பா?” என்றாள், எதிரில் நின்றவரைப் பார்த்து.

தெருவில் தெரியாத பெண்ணைப் பார்ப்பது போல அவர் அவளைப் பார்த்தார். அவளைத் தாண்டி நடந்தார். வலது கையால் தாழ்ப்பாளை நீக்கினார். கதவை அகலத் திறந்து, செருப்பில்லாமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.