கழுவாத நூல்

மார்ச் முதல் தேதி. தோப்ரிச் நகரத்தில் விடாத மழை...

எரிபொருள் சோதனைக்கூடத்தின் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞன் உள்ளே வந்தான். அந்த ஊர் வழக்கப்படி, கூட வேலை செய்கிறவர்களின் மணிக்கட்டிலெல்லாம் வசந்தத்தை வரவேற்கும் நூல் கட்டிவிட்டு, மிச்ச நூல்களைத் தட்டில் ஏந்தியபடி ஸொர்னிட்சா வெளியே போனாள். மோதிக்கொண்டார்கள். அவன் கையிலிருந்த கேனுக்கு மூடி சரியாக இல்லை. பொன்னிற எண்ணெய் தட்டில் கொட்ட, சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல்களில் வெள்ளையெல்லாம் மஞ்சளாகிப் போனது.

திட்டத்தான் நிமிர்ந்தாள். மழை சொட்டும் புருவங்களுக்குக் கீழே சிரிக்கும் இரண்டு கண்கள்... திட்ட வந்தது மறந்தே போனது.

"பயப்படாதீங்க, சூரியகாந்திதான். கறையும் போகாது, வாசனையும் போகாது."

"ஆறுதல் சொல்றீங்களா, மிரட்டுறீங்களா?"

அவன் நனைந்த நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்து மணிக்கட்டை நீட்டினான். மரம் பூக்கும்வரை கையில் இருக்க வேண்டிய நூல். எண்ணெய் பட்டால் என்ன? அவளே கட்டிவிட்டாள். 

பெயர் யாவோர். ஊர் எல்லையில் சின்ன ஆலை வைத்து, சூரியகாந்தி எண்ணெயை பயோடீசலாக மாற்றுகிறவன். கந்தகம் நீக்கிய டீசல் வழவழப்பில்லாமல் வறண்டு கிடக்க, நகரப் பேருந்துகளின் பம்புகள் தேய்ந்துகொண்டிருந்தன. அதில் அவன் எண்ணெயைக் கொஞ்சம் கலந்துகொள்ளப் பணிமனை தயார். சோதனைக்கூடம் சரியென்று சொன்னால் போதும். சொல்லாவிட்டால் ஆலையை விற்றுவிட்டு, வர்ணா துறைமுகத்தில் அண்ணனோடு கப்பல் ஏறிவிடுவான். ஹீட்டரருகே தலை துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

ஸொர்னிட்சா அவன் எண்ணெயை டீசலில் கலந்து ஊற்றி, அதற்குள் எஃகுத் தகட்டின் மேல் எஃகுக் குண்டைத் தேய்க்க விட்டாள். தேய்ந்த வடு எவ்வளவு சிறியதோ எண்ணெய் அவ்வளவு நல்லது. இதில் வடு கடுகைவிடச் சிறியது... ஆனால் இன்னொரு சோதனையில் எண்ணெய் தோற்றது. பாதி மட்டும் மாறிய கொழுப்பு அளவுக்கு மேல் தங்கியிருந்தது. குளிரில் அது திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும்.

இரண்டையும் சொல்லத்தான் அவன் முன்னால் போய் நின்றாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் வாய் ஒரு வார்த்தையோடு பூட்டிக்கொண்டது.

"அழுக்கா இருக்கு."

அவன் சிரிப்பு அணைந்தது. கேனை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஏப்ரலில் வந்தான். கேனில் தண்ணீர் போலத் தெளிந்த எண்ணெய். ஆவியாக்கி, குளிரவைத்து, மறுபடி ஆவியாக்கி எடுத்தானாம். இனி அழுக்கென்று யாரும் சொல்ல முடியாது என்றான், தரையைப் பார்த்தபடி. மணிக்கட்டில் மட்டும் அந்த மஞ்சளடித்த நூல்...

சோதித்தாள். வடு பெரிதாக இருந்தது. மறுபடியும் தேய்த்துப் பார்த்தாள். அதேதான். எதனால் என்று பிறகுதான் புரிந்தது. அவன் அழுக்கென்று விரட்டிய அந்தப் பாதி மாறிய கொழுப்பில்தான், இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு படலமாய் நிற்கும் குணம் இருந்தது. அதிகமானால் அடைக்கும். அடியோடு போனால் வறண்ட டீசலுக்குத் துணை குறைந்துவிடும். அடியோடு போக்கியது யார்? அவள் சொன்ன ஒற்றை வார்த்தை...

அவன் சோதனைக்கூட முற்றத்தில், பிளம் மரத்தடியில் நின்றிருந்தான். தூறலில் குடையில்லாமல் ஓடினாள்.

"தோத்துட்டேனா? சரி, வர்ணாதான்."

"கொஞ்சம் இருங்க. முதல்ல கொண்டுவந்தது தேய்மானத்துல அருமையா ஜெயிச்சிருந்தது. அதை நான்... சொல்லாம விட்டுட்டேன்."

"இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அதுல ஒரு புட்டி எங்ககிட்ட பத்திரமா இருக்கு. ரெண்டையும் கலப்போம். அளவுக்குள்ளே கொஞ்சம் பழசு இருக்கட்டும். எல்லாத்தையும் கழுவித் தள்ளணும்னு யார் கேட்டா?"

"நீங்கதான்."

ஆமென்று தலையாட்டிவிட்டு அவனை உள்ளே அழைத்துப் போனாள். கலந்தாள். குண்டு தேய்ந்து முடிந்தது. கொழுப்பு அளவுக்குள் நின்றது. நுண்ணோக்கியை அவன் பக்கம் திருப்பினாள். உள்ளே சின்னஞ்சிறு வடு. அவன் முகத்தில் சிரிப்பு திரும்பியது. இனிக் கப்பல் இல்லை...

முற்றத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. மரம் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

"பூத்து ஒரு வாரமாச்சு. ஊரே நூலைக் கழட்டிக் கிளையில கட்டியாச்சு. நீங்க மட்டும் ஏன்..."

"எண்ணெயைக் கழுவினேன். இதைக் கழுவ மனசு வரலை. கட்டுன கையே அவிழ்க்கட்டும்னு விட்டுட்டேன், ஸொர்னிட்சா."

அவள் காது மடல் சிவந்தது. முடிச்சை மெல்ல அவிழ்த்தாள். சூரியகாந்தி வாசனை இன்னும் போகவில்லை.

"அன்னிக்கு அழுக்குன்னு சொன்னதுக்கப்புறம் இன்னொண்ணும் சொல்ல இருந்தேன்..."

"என்ன?"

"திரும்ப வாங்கன்னு."

நூலைக் கிளையில் கட்டினாள். அவன் கையைத்தான் விடவில்லை.