பதினேழு தலையணைகளும் ஒரு கிண்ணம் மிளகாயும்

எங்கள் பிளோவ்திவ் நகரில் செப்டம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் குடைமிளகாய் சுடுவார்கள். சுட்டு, தோலை உரித்து, தக்காளியோடு கிண்டி, குளிர்காலத்துக்கென்று புட்டியில் அடைப்பார்கள். போன வருடம் எழுந்த புகையில் ஒரு நாரை வழி தவறி என் வீட்டில் இரண்டு நாள் தங்கியது. சூப் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

இந்த வருடம் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பென்காவின் முற்றத்தில் வேலை. எதிர்வீட்டு ஸ்னெஜானாவும் அவளுடைய ஒன்பது வயது மகள் ரலிட்சாவும் வந்தார்கள்.

ஸ்னெஜானாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்திருந்தது. நோய் திரும்பாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. நல்ல மாத்திரைதான். ஆனால் மூட்டுகளோடு அதற்கு என்ன பகையோ, விரலும் முழங்காலும் வலித்து இறுகிவிடும்.

"நீ அசையவே கூடாது ஸ்னெஜா!" என்று பென்கா அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் ஒரு தலையணை கொடுத்தேன். மிளகாய் சுட வந்திருந்த மற்றவர்களும் கொடுத்தார்கள். பதினேழாவது தலையணைக்குப் பிறகு அவளுடைய மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவள் எழப் பார்த்தாள். முடியவில்லை.

"ரலி, இன்னையிலேருந்து அந்த மாத்திரை வேணாம்டி," என்றாள் மெதுவாக. "இப்படி மரக்கட்டையா உக்காந்திருக்க எனக்குப் பிடிக்கல."

ரலிட்சாவின் முகம் சுருங்கியது. மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம் என்று அவளுக்குத் தெரியும்.

யோசித்தாள். காலையிலும் அம்மா இப்படித்தான் இறுகிக் கிடந்தாள். பூனைக்குப் பால் வைத்து, வீட்டுக்குள் நாலு நடை நடந்ததும் சரியானாளே!

உடனே ஓடிப்போய், சுட்ட மிளகாய் ஒரு கிண்ணம் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது.

"அம்மா, நான் உரிச்சா எல்லாம் கிழியுது. நீ உரிச்சுக் குடேன்."

பென்கா பாய்ந்து வந்தாள். "ஏய் வாலு! அம்மாவையா வேலை வாங்குற?"

"சும்மா இருங்க அத்தை. மெதுவா அசைஞ்சுக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. தலையணையைப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

முதல் மிளகாயை ஸ்னெஜானா உரித்து முடிப்பதற்குள் என் தாடி ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டது. ஐந்தாவதில் விரல்கள் வளைந்தன. பத்தாவதில் பென்காவோடு வம்பு பேச ஆரம்பித்தாள்.

"அடுத்த கிண்ணம் எங்கடி ரலி?"

"அதோ, வேலி ஓரம்."

"ஏன் அவ்வளவு தூரத்துல வச்ச?"

"நீ நடக்கணும்ல!"

ஸ்னெஜானா சிரித்துவிட்டாள். கையூன்றி எழுந்தாள். வேலி வரை நடந்தாள். திரும்பும் வழியில் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள்.

"பென்கா அக்கா, உப்பு எங்க? ஊருக்குப் போயிருக்கா?"

முற்றமே சிரித்தது. பென்கா மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ரலிட்சா கேட்டாள். "வலி போயிடுச்சாம்மா?"

"போகல. கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்டயும் பேசிடறேன்."

"மாத்திரை?"

ஸ்னெஜானா காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"போட்டாச்சு. நாளைக்கு யார் வீட்டு மிளகாய்?"

என் வீட்டு மிளகாய்தான். நாற்பது கிலோ வாங்கி வைத்திருந்தேன். அவள் கேட்டதும் ஓடிப்போய் இன்னும் அறுபது கிலோ வாங்கி வந்தேன்.