உடன்வலி

"இன்னைக்கு இது போதுங்க மேடம்" என்று இதழினி கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

கட்டிலில் படுத்திருந்த பேராசிரியர் கோகிலவாணி தலையைத் தூக்கிச் சுவரில் ஒளிர்ந்த கோணமானியைப் பார்த்தார். நாற்பது பாகை. நேற்றும் அதுதான், முந்தாநாளும் அதுதான். முட்டி அதற்குமேல் மடங்க மறுத்தது. சரியாகச் சொன்னால், மடக்குகிறவள் மறுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தும்மா."

"வலிக்குதுங்க மேடம்."

"யாருக்கு?"

இதழினிக்குக் கேள்வி புரியவில்லை. அவள் பயின்ற கல்லூரியில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

இருவர் தொடையிலும் உடன்வலிப் பட்டை இருந்தது. நோயாளியின் நரம்பில் கிளம்பும் வலியை ஒரு பட்டை படிக்கும். அதே வலியை, அதே அளவில், அதே இடத்தில் சிகிச்சையாளரின் நரம்புக்குள் மற்றது செலுத்தும். இது வருவதற்கு முன்னால் இருந்த பிசியோக்கள் பாவப்பட்ட ஜென்மங்கள்; நோயாளிகளின் வசவை வாங்கிக்கொண்டே ஓய்வு பெற்றவர்கள். நோயாளி பல்லைக் கடிப்பதையும் விரிப்பைப் பிடித்துக் கசக்குவதையும் பார்த்து, இன்னும் எவ்வளவு தாங்குவார் என்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஊகம் சில சமயம் தப்பவும் செய்யும்.

ஊகம் என்ற சொல்லே கோகிலவாணிக்கு ஆகாது. கோவையில் அவருடைய கல்லூரியில்தான் பட்டை முதன்முதலாகப் பாடத்துக்குள் வந்தது. முதலாண்டிலேயே மாட்டிவிட வேண்டும், கை பழகும்போதே மனசும் பழக வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் வாதாடினார், ஜெயித்தார். பட்டை இல்லாமல் நோயாளியைத் தொட்டால் உரிமம் போய்விடும் என்று பிறகு சட்டமே வந்துவிட்டது. பதவி உயர்வும் அதை வைத்துத்தான்: ஆண்டு முழுவதும் யார் கையால் வலி குறைவாக உண்டானதோ அவர் மேலே போவார். அவருடைய மாணவியான இதழினி அப்படி மளமளவென்று மேலே போனவள். நோயாளிகளுக்கு அவள் கை தங்கக் கை.

அந்தத் தங்கக் கையில்தான் இப்போது கோகிலவாணியின் முட்டி வகையாகச் சிக்கியிருந்தது.

காந்திபுரத்தில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் முட்டிச்சில்லு உடைந்தது. அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் மாதக் கடைசிக்குள் முட்டி தொண்ணூறு பாகை மடங்கியாக வேண்டும், இல்லையென்றால் உள்ளே சதை ஒட்டிக்கொண்டு கால் கட்டையாகவே நின்றுவிடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டைக்காலோடு எந்தக் கட்டிலருகில் மண்டியிடுவது, எந்த மாணவருக்குக் கையைப் பிடித்துக் காட்டுவது? வகுப்பில்லாத தன்னை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாக அலைந்தார்.

பழைய மாணவர்களையெல்லாம் ஒவ்வொருவராக அழைத்துப் பார்த்தார். எல்லாரும் ஓடோடி வந்தார்கள். எல்லாரும் அன்பாகத் தொட்டார்கள், எல்லாரும் நாற்பதிலேயே முகம் சுளித்து நிறுத்தினார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைகள் யாரும் அவருடைய முட்டிக்காகப் பயப்படவில்லை. அவரவர் முட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பட்டையக் கழட்டி வச்சிட்டு மடக்கு. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார் இதழினியிடம்.

"உரிமம் போனாக்கூடப் பரவால்லைங்க மேடம், உங்களுக்காகப் பண்ணிருவேன். ஆனா கழட்டிட்டா எங்க நிறுத்தறதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"என் மொகத்தப் பாரு. தெரியும்."

இதழினி பார்த்தாள். நல்ல பிள்ளை, கவனமாகவே பார்த்தாள்.

"பாத்துட்டேனுங்க. இதுல என்னங்க மேடம் இருக்குது?"

முகம் பார்ப்பது முன்பு ஒரு தனிப்பாடமாகவே இருந்தது. காலத்துக்கு ஒவ்வாதது என்று அதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியவரே கோகிலவாணிதான். இப்போது அதைச் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் பழக இரண்டு வருஷமாகும். மாதக் கடைசிக்கு மீதமிருந்தது ஒரே வாரம்.

மறுநாள் இதழினி வருவதற்கு முன் அவர் தொடையின் உட்புறத்தில், பட்டைக்குக் கீழே, மரப்பு ஒட்டு ஒன்றை ஒட்டி உடையை இழுத்து மூடிக்கொண்டார். முட்டியிலிருந்து மேலே போகும் நரம்பை அது தூங்கவைத்துவிடும். மரப்பு மருந்தும் உடன்வலிப் பட்டையும் ஒன்றுசேரவே கூடாது என்று ஒவ்வோர் ஆண்டு மாணவர்களிடமும் தொண்டை கிழியச் சொன்னவர், தெரிந்தேதான் செய்தார். ஒரே ஒரு நாள் இறுக்கம் விட்டுக்கொடுத்தால் போதும், முட்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்து எல்லை வந்ததும் நானே வாயைத் திறந்து போதும் என்று சொல்லிவிடுவேன் என்பது அவர் போட்ட கணக்கு. இதழினியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் தொடமாட்டாள்.

கோணமானி நாற்பதைத் தாண்டியது. ஐம்பது வந்தது. இதழினி வியப்போடு தன் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மேடம், எனக்குத் துளிகூட வலிக்கலைங்க. எப்படி இளகிருச்சு பாருங்க."

அறுபது. கோகிலவாணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாள் படுத்திய முட்டி சமர்த்தாக மடங்குவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. எழுபதில் தையல் தழும்பைச் சுற்றித் தோல் வெளுத்துப் பளபளத்தது. இன்னும் கொஞ்சம் போகட்டுமே என்று ஆசை இழுத்தது. எழுபத்தைந்துக்கு மேல் முட்டிச்சில்லு இருக்க வேண்டிய இடத்தைவிட்டு மேலேறுவதுபோலத் தெரிந்ததும் அவருக்குப் பகீரென்றது.

"போதும்மா, நிறுத்து."

"பயந்துக்காதீங்க மேடம்" என்றாள் இதழினி இதமாக, கையை எடுக்காமல்.

அது அவளுடைய சொந்த வார்த்தை இல்லை. வலி வருவதற்கு முன்பே நோயாளி பயத்தில் போதும் என்பார். அவர் வாயை நம்பாதே, பட்டையை நம்பு, பயப்படாதீர்கள் என்று இதமாகச் சொல் என்பது முதலாண்டுப் பாடம். எழுதியவர் கோகிலவாணி. ஆண்டுதோறும் தேர்வில் அதைத் தவறாமல் கேட்டவரும் அவரே. இதழினி அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

"நிறுத்துன்னு சொல்றேனில்ல? என் மொகத்தப் பாருடி."

இதழினி நிமிர்ந்து பார்த்தாள். வேர்த்து வெளிறிப்போன அந்த முகத்தைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

இனி வெட்கம் பார்த்தால் ஆகாது. மரப்பு ஒட்டைப் பற்றிச் சொல்லிவிடக் கோகிலவாணி வாயெடுத்தபோது முட்டிக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. வலி இல்லை, சத்தம் மட்டும் கேட்டது.

சத்தம் இதழினிக்கும் கேட்டது. அவள் சட்டென்று தன் காலைப் பார்த்தாள். ஒருமுறை நீட்டி மடக்கினாள். நன்றாகவே இருந்தது.

"ஒண்ணுமில்லைங்க மேடம், இறுக்கம் விட்டுருச்சு" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.